டாண்டி வீட்டில் தங்கிவிட்ட ஜெர்சி

அத்தியாயம் பதினான்கு

மதியம் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதிய ஏழாவது நிமிடத்தில் வாட் ஹிஸ்லப் தன் வீட்டுக் கதவைத் திறந்தார். நாற்பது வருடமாக அதே ஏழாவது நிமிடம்தான். பின்னலாடை மில்லின் மேற்பார்வையாளரே நேரம் தவறினால், அவருக்குக் கீழே வேலை பார்க்கும் இருநூறு பேருக்கும் கடிகாரம் எதற்கு என்பது அவர் கட்சி.

மற்ற வெள்ளிக்கிழமையாக இருந்தால் நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் போயிருப்பார். இன்று தொப்பியைக்கூடக் கழற்றாமல் மாடி ஏறினார்.

நாளை எடின்பரோவில் இங்கிலாந்தோடு ஆட்டம். மகன் ஆர்ச்சி ஸ்காட்லாந்துக்காக ஆடப்போகும் பன்னிரண்டாவது ரக்பி ஆட்டம். தோளோடு தோள் முட்டித் தள்ளும் முன்வரிசையில் நடு ஆள் அவன். மூக்கு இரண்டு முறை உடைந்திருக்கிறது, இடது காது காலிஃபிளவர் மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் அவன் நின்று தள்ளுகிற வரிசை பின்வாங்கியதை இந்தக் கெல்பர்ன் ஊரில் யாரும் பார்த்ததில்லை.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அவன் பையைத் தாய் எல்ஸ்பெத் அடுக்குவாள். தேர்வுக்குழுச் செயலாளரின் கடிதத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு வாட் சரிபார்ப்பார்.

பூட்ஸ், இருந்தது. துவைத்த வெள்ளை அரைக்கால் சட்டை, இருந்தது. காலுறை இரண்டு ஜோடி, இருந்தது. 'இந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் வழங்கப்பட்ட ஜெர்சி.'

வாட் பையைக் கட்டிலில் கவிழ்த்தார். இழுப்பறையைத் திறந்தார். அலமாரியைத் திறந்தார். மகன் முதல் முறை நாட்டுக்காக ஆடியபோது கொடுத்த குஞ்சம் வைத்த வெல்வெட் தொப்பி, கண்ணாடிப் பெட்டிக்குள் அப்படியே இருந்தது. ஜெர்சியைக் காணோம்.

"எல்ஸ்பெத்! ஜெர்சி எங்கே?"

கீழே கரண்டிச் சத்தம் நின்றது.

"சூப் ஆறுது. இறங்கி வா."

"ஜெர்சி எங்கேன்னு கேட்டேன்."

"சூப் ஆறுதுன்னு நானும் சொன்னேன்."

இறங்கி வந்தார். எல்ஸ்பெத் ரொட்டியை நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. முப்பத்தைந்து வருட வாழ்க்கையில் அவள் தலை நிமிராமல் ரொட்டி நறுக்கினால் ஏதோ வரப்போகிறது என்று வாட்டுக்குத் தெரியும்.

"போன மாச ஆட்டத்துல தோள்பட்டையில கிழிஞ்சுடுச்சு" என்றாள். "ஒரு சாண் கிழிசல். ஆர்ச்சி அதைத் தைக்கக் குடுத்திருக்கான்."

"மில்லுல தைக்க நூறு பொண்ணுங்க இருக்காங்க. என்கிட்ட சொல்லியிருந்தா ஒரு மணி நேரத்துல..."

"டாண்டிகிட்ட குடுத்திருக்கான்."

வாட் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெயர் இந்த வீட்டுக்குள் ஒலித்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. வாட்டின் கூடப்பிறந்த அண்ணன் டாண்டி, இங்கிலாந்தின் வடக்கே காசு வாங்கிக்கொண்டு ஆடும் லீக் ரக்பிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவன் அதன் பிறகு நாட்டுக்காக ஆட முடியாது, ஊருக்காகவும் ஆட முடியாது. ஊர் கிளப்பின் வாசல்படி ஏறி ஒரு டம்ளர் பீர் குடிக்கவும் முடியாது. போன இலையுதிர் காலத்தில் டாண்டி ஊர் திரும்பி, பாலத்துக்கு அப்பால் கீழத்தெருவில் ஒரு சின்ன வீட்டில் குடியேறினார். அன்றிலிருந்து வாட் அந்தப் பாலத்தைத் தாண்டவில்லை.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஆர்ச்சி மந்தை பார்க்கும் பண்ணைக்குப் போகிற பாதையில் போன மாதம் இரண்டு முறை ஒரு பழுப்பு நிறக் கார் வந்துபோனது. வந்தவர் லீக் கிளப்பின் ஆள். ஆர்ச்சி அவரிடம் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இது ஊருக்கே தெரியும். அந்தக் காருக்கு வழி காட்டியது யார் என்று யோசித்து யோசித்து வாட்டுக்கு மூன்று வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை.

"நாட்டோட ஜெர்சி, அவன் வீட்டுலயா?" என்றார் மெதுவாக.

"தச்சு முடிச்சு நாலு நாளாச்சு. ஆர்ச்சி நேத்தே எடுத்துட்டு வரேன்னான். குட்டி போடற ஆடு அறுபது இருக்கு, மலையில பனி, எப்படி இறங்குவான்? ரெண்டே முக்காலுக்கு ரயில். பண்ணை வேன்ல நேரா ஸ்டேஷனுக்கு வந்துடறானாம்."

"நீ போய் வாங்கிட்டு வா."

"போனேன். தர மாட்டேன்னுட்டார்."

"என்ன?"

"வாட் வந்தா வாட் கையில குடுப்பாராம். வேற யார் கையிலயும் குடுக்க மாட்டாராம்."

"இதை எப்போ சொன்னான்?"

"திங்கக்கிழமை."

"திங்கக்கிழமை சொன்னதை வெள்ளிக்கிழமை பன்னெண்டரைக்கு என்கிட்ட சொல்றியா?"

எல்ஸ்பெத் இப்போதுதான் நிமிர்ந்தாள். கண்ணில் சிரிப்பு இருந்தது, உதட்டில் இல்லை.

"திங்கக்கிழமையே சொல்லியிருந்தா நாலு நாள் யோசிச்சுப் போகாம இருந்திருப்பே. இப்போ யோசிக்க நேரமில்ல பாரு."

வாட் சூப்பைத் தொடவில்லை. ஒரு பருவத்துக்கு ஒரே ஜெர்சிதான்; அதைத் தொலைத்துவிட்டுப் போய் நிற்கிறவனுக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பையன் தன் ஜெர்சியைப் பிரெஞ்சுக்காரன் ஒருவனுக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு விளக்கம் எழுதித் தந்தான். எழுதித் தந்த பிறகு அவன் பெயர் பட்டியலில் வரவே இல்லை. ஆர்ச்சி என்ன விளக்கம் எழுதுவான்? லீக்குக்கு ஆடினவர் வீட்டில் இருக்கிறது என்றா? பழுப்பு நிறக் கார் கதை எடின்பரோ வரைக்கும் போயிருக்கும்போதா?

பன்னிரண்டு ஆட்டம். ஹிஸ்லப் குடும்பத்தின் பெயர் பன்னிரண்டு முறை அச்சில் வந்த பெருமை. அது ஒரு கிழிசலில் போய்விடக் கூடாது.

கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை போட்டார். தொப்பியை நேராக்கினார்.

"சூப்பை அடுப்பு ஓரமா வை" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

* * *

ஒரு மணிச் சங்கு ஊதியபோது அவர் பாலத்தின் நடுவில் இருந்தார்.

எதிரே மில் ஆட்கள் எல்லாம் வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நாற்பது வருடத்தில் முதல் முறையாக வாட் ஹிஸ்லப் சங்கு ஊதும்போது மில்லுக்கு முதுகு காட்டி நடந்தார். கூட்டம் தானாகவே இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது.

நூல் சுற்றும் பிரிவின் பெக் மட்டும் வாயை அடக்கவில்லை. அவள் யாருக்கும் அடக்கியதில்லை.

"மிஸ்டர் ஹிஸ்லப்! மில் அந்தப் பக்கம்!"

"தெரியும், பெக்."

"வயசாச்சே, வழி மறந்துட்டீங்களோன்னு பார்த்தேன்."

"உன் சுற்றுக்கட்டையில ரெண்டு நாளா முடிச்சு விழுது. அதைப் பாரு."

பின்னால் சிரிப்பு எழுந்தது. யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கீழத்தெருவின் கடைசியில் நீலக் கதவு. தட்டக் கையை உயர்த்துமுன் கதவு திறந்தது.

"பாலத்துல வரும்போதே பார்த்துட்டேன்" என்றார் டாண்டி. "நடை மாறவே இல்ல. இஸ்திரி போட்ட சட்டையை ஆணியில மாட்டி இழுத்துட்டு வர்ற மாதிரி. உள்ளே வா, சின்னவனே."

முப்பத்தோரு வருடமாக வாட்டை யாரும் சின்னவனே என்று கூப்பிட்டதில்லை. அறுபதை நெருங்குகிறவனை யார் கூப்பிடுவார்கள்?

டாண்டி பெருத்திருந்தார். கால்முட்டி இரண்டும் போயிருந்தன, ஒரு தடியை ஊன்றித்தான் நடந்தார். ஆனால் தோள் அப்படியே இருந்தது. ஆர்ச்சியின் தோள். வாட் அதைக் கவனிக்காத மாதிரி சுவரைப் பார்த்தார். புகைபோட்ட மீனும் புகையிலையுமாக அறை மணத்தது.

மேசைமேல் பழுப்புத் தாளில் சுற்றி நூல் கட்டிய பொட்டலம் ஒன்று தயாராக இருந்தது.

"ஜெர்சியை வாங்கிட்டுப் போக வந்தேன்."

"தெரியும். உக்காரு."

"நிக்கறேன்."

"முப்பத்தோரு வருஷமா நின்னுட்டுத்தானே இருக்கே. கால் வலிக்கல?"

வாட் மேசைப் பக்கம் போனார். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் சரிபார்க்காத சரக்கை அவர் கை வாங்கியதில்லை. நூலை அவிழ்த்தார்.

கருநீல ஜெர்சி. மார்பில் வெள்ளை முட்பூச் சின்னம். துவைத்து, இஸ்திரி போட்டு, கைகளை உள்ளே மடித்து வைத்திருந்தது.

வாட் இடது தோளைப் பார்த்தார். வலது தோளையும் பார்த்தார். ஜன்னல் பக்கம் போனார். மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"எந்தத் தோள்?"

"மேற்பார்வையாளர் நீதானே. கண்டுபிடி."

துணியை விரல் மூட்டுகளின் மேல் விரித்து, மெல்ல இழுத்து, கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். அப்பா இரண்டு பேருக்கும் கற்றுத்தந்த முறை. ஊரில் எந்த மில்லும் இப்போது அப்படிப் பார்ப்பதில்லை. இடது தோளில், கழுத்தோரமாகக் கட்டைவிரல் நின்றது. கண்ணி கண்ணியாக எடுத்துப் பின்னிச் சேர்த்திருந்தது. தையல் என்று சொல்லவே முடியாது, துணி தானே வளர்ந்து மூடிக்கொண்ட மாதிரி. கடைசிக் கண்ணி மட்டும் எதிர்ப்பக்கம் முறுக்கியிருந்தது. அப்பாவும் அப்படித்தான் விடுவார்.

"முறுக்கை விடலையா நீ?" என்றார் வாட்.

"நீ விட்டுட்டியா?"

"இல்ல."

அப்போதுதான் அந்த வாசனை அவர் மூக்கில் ஏறியது. சோப்பு மணத்துக்கு அடியில், காலர் பக்கம், புகையிலை. தாளில் சுற்றி வைத்த துணிக்கு அறையின் வாசனை ஏறும்தான். ஆனால் இப்படிக் காலரில் மட்டும் ஏறாது.

வாட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"டாண்டி. இதைப் போட்டுப் பார்த்தியா?"

அண்ணனின் பெரிய முகம் சிவந்தது. பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி தடியின் நுனியைப் பார்த்தார்.

"ஒரே ஒரு தடவை."

வாட்டுக்குள் எல்லாம் நிமிர்ந்து எழுந்தது. காசு வாங்கி ஆடினவன். கிளப் வாசல்படி ஏறக் கூடாதவன். அவன் உடம்பில் நாட்டின் ஜெர்சி! சொல்ல வேண்டியது நாக்கு வரை வந்துவிட்டது.

"நாட்டோட மூணு ஆட்டத்துக்கு என்னை மாற்று ஆளாக் கூட்டிட்டுப் போனாங்க" என்றார் டாண்டி, தடியைப் பார்த்தபடியே. "பூட்ஸைப் பையில வச்சுட்டு மேல, வேடிக்கை பார்க்கறவங்களோட உக்காந்திருந்தேன். ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னால யாருக்காவது காய்ச்சல் வந்தாத்தான் எனக்கு இடம். ஒருத்தனுக்கும் வரல. நல்ல ஆரோக்கியமான பசங்க. மூணாவது தடவை ரயில்ல திரும்பி வரும்போது எதிர் சீட்டுல ஒருத்தர் உக்காந்து, எங்க ஊருக்கு வாப்பா, ஒவ்வொரு சனிக்கிழமையும் உன்னை ஆட விடறோம்னார். காசுக்குப் போனேன்னு ஊர் சொல்லுச்சு. காசும்தான், இல்லைங்கல. ஆனா எனக்கு ஆடணும்டா. உக்காந்து உக்காந்து இடுப்பு செத்துப்போச்சு."

அடுப்பில் கெட்டில் கொதித்தது.

வாட் ஜெர்சியை மடிக்க ஆரம்பித்தார். மெதுவாக, ஓரத்தோடு ஓரம் சேர்த்து. மடித்துக்கொண்டே கேட்டார்:

"தோள் சரியா இருந்துச்சா?"

டாண்டி நிமிர்ந்தார்.

"தோள் அளவெடுத்த மாதிரி இருந்துச்சு. வயிறுதான் உள்ளே போகல. சாயந்திரம் வரைக்கும் கழட்ட முடியாம பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடலாமான்னு பார்த்தேன்."

வாட்டின் உதடு ஒரு பக்கமாகத் துடித்தது. அதை இருமலாக மாற்றிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எல்ஸ்பெத் கையில ஏன் குடுக்கல?"

டாண்டி தட்டலமாரியின் இழுப்பறையைத் திறந்து ஓர் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். மடிப்பில் கிழிந்து பின்னால் தாள் ஒட்டியிருந்தது. பிரிக்காமலேயே வாட்டுக்குத் தெரியும். முப்பத்தோரு வருடத்துக்கு முன் ஒரு நவம்பரில் எழுதியது. 'ஐயா, தாங்கள் காசுக்கு ஆடும் கிளப்பில் சேர்ந்துவிட்டதால் இனி நமது மைதானத்திலோ கிளப் கட்டடத்திலோ தங்களுக்கு இடமில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். இப்படிக்கு, வா. ஹிஸ்லப், செயலாளர்.'

"உன் கையால வந்தது" என்றார் டாண்டி. "அதான், என் கையில இருந்ததையும் உன் கையிலதான் குடுக்கணும்னு இருந்தேன். வேற வம்பு ஒண்ணுமில்ல. கூடப்பொறந்தவனை ஐயான்னு எழுதியிருக்கே பாரு. அதைத்தான் மறக்க முடியல."

"வேற யாராவது எழுதியிருந்தா, ஹிஸ்லப் தன் அண்ணனுக்குன்னா கையை மறைச்சுக்கறான்னு ஊர் பேசியிருக்கும்."

"தெரியும். நீ எழுதலேன்னாதான் ஆச்சரியப்பட்டிருப்பேன். கையெழுத்துல ஒரு நடுக்கமும் இல்ல. அழகா எழுதியிருந்தே."

வாட் உறையைத் தொடவில்லை.

"அது நாலாவது தாள்" என்றார். "முதல் மூணையும் கிழிச்சுட்டேன். நடுங்கினதெல்லாம் அதுல இருந்துச்சு."

டாண்டி கெட்டிலை இறக்கி இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றினார். வாட்டின் கோப்பையில் சர்க்கரை மூன்று கரண்டி போட்டார். எல்ஸ்பெத் ஒன்றுக்கு மேல் அனுமதிக்காததால் வாட் இருபது வருடமாக ஒரு கரண்டி சர்க்கரையோடுதான் குடிக்கிறார். இதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"அந்தக் கார்க்காரனை நீ அனுப்பினியா?"

"இல்ல."

"ஆர்ச்சி உன்கிட்ட கேட்டானா?"

"கேட்டான். போகலாமா பெரியப்பான்னு கேட்டான். உங்க அப்பாகிட்ட கேளுன்னேன். அவர்கிட்ட கேக்கறதுக்குப் பதிலா இங்கிலாந்துக்காரன் முன்வரிசையை ஒத்தையா தள்ளிடுவேன்னான்."

வாட் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே கால்.

பொட்டலத்தைக் கட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவுவரை போனவர், நின்றார்.

"கோட்டைப் போடு. ஸ்டேஷன் வரைக்கும் வா."

"ஊர் பார்க்கும்டா."

"ஊருக்குக் கண்ணு இருக்கறது அதுக்குத்தானே. நடக்க முடியுமா?"

"உன் விறைப்புக்கு என் நொண்டி சரியா வரும். நட."

* * *

ஸ்டேஷனுக்குப் போகும் வழியெல்லாம் கடை வாசல்களில் பேச்சு நின்று நின்று போனது. வாட் யாரையும் பார்க்கவில்லை. அண்ணனின் முட்டிக்காக மட்டும் நடையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

நடைமேடையில் எல்ஸ்பெத் பையோடும், உலர்திராட்சை ரொட்டிப் பொட்டலத்தோடும் நின்றிருந்தாள். கூடவே, வாட் இப்போது தலைவராக இருக்கும் ஊர் கிளப்பின் செயலாளர் பீட்டி. ஆட்டக்காரனை வழியனுப்ப கிளப் சார்பில் ஒருவர் வருவது வழக்கம். டாண்டியைப் பார்த்ததும் பீட்டி அவசரமாக ரயில் அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தார்.

எல்ஸ்பெத் இருவரையும் மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"சூப்பை மூணு தட்டுக்குச் சூடு பண்ணவா, ரெண்டு தட்டுக்கா?"

"கேள்வியைப் பாரு" என்றார் வாட்.

பண்ணை வேன் வந்து நின்றது. கோட்டில் வைக்கோலும், சட்டைக்கையில் ஆட்டுக்குட்டி ஈரமுமாக ஆர்ச்சி குதித்தான். அப்பாவையும் பெரியப்பாவையும் ஒரே இடத்தில் பார்த்துவிட்டு, முன்வரிசையில் முட்டு வாங்கினவன் மாதிரி நின்றான்.

"அப்பா... பெரியப்பா..."

"வாயை மூடு, ரயில் வருது" என்றார் வாட். "இந்தா. சரிபார்த்தாச்சு."

ஆர்ச்சி பொட்டலத்தின் ஓரத்தைப் பிரித்துத் தோளைத் தடவினான். "எங்கே கிழிஞ்சதுன்னே தெரியலையே!"

"தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியும்" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். எல்ஸ்பெத் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

ரயில் வந்தது. ஆர்ச்சி ஏறி ஜன்னலை இறக்கினான். பச்சைக்கொடி அசைந்த பிறகுதான் அவனுக்குத் தைரியம் வந்தது போலிருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை வந்ததும் ஒரு விஷயம் பேசணும், அப்பா. உங்க ரெண்டு பேர்கிட்டயும். நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்."

"என்ன முடிவு?"

ரயில் நகர்ந்துவிட்டது. உடைந்த மூக்கும் காலிஃபிளவர் காதும் சிறிதாகிச் சிறிதாகி வளைவில் மறைந்தன. வாட் டாண்டியைப் பார்த்தார். டாண்டி உதட்டைப் பிதுக்கினார். அவருக்கும் தெரியாது. தெரியாது என்பதில் ஒரு நிம்மதி இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு கலக்கமும் இருந்தது.

பீட்டி தொண்டையைச் செருமினார்.

"தலைவரே, நாளைக்கு ஆட்டத்தை எல்லாரும் கிளப் ரேடியோவுலதான் கேக்கப்போறோம். ரெண்டரைக்கு ஆரம்பம். உங்க நாற்காலியை முன்னால போட்டு வைக்கறேன்."

சொல்லும்போது டாண்டி இருந்த பக்கம் அவர் கண் போகவில்லை. டாண்டி ஏற்கெனவே தடியை ஊன்றிக் கிளம்பத் திரும்பியிருந்தார். அவர் அதற்குப் பழகியவர்.

"ரெண்டு நாற்காலி போடுங்க" என்றார் வாட்.

பீட்டி வெளிறினார். "தலைவரே... விதி இருக்கே. லீக்ல ஆடினவங்க..."

"விதி என்னன்னு எனக்குத் தெரியும், பீட்டி. அதுக்குக் கீழே கையெழுத்துப் போட்டவன் நான். ரெண்டாவது நாற்காலிக்கு இடமில்லேன்னா முதல் நாற்காலியையும் எடுத்துடுங்க. என் மகன் ஆடறதை நான் கீழத்தெருவுல போய்க் கேட்டுக்கறேன்."

"கமிட்டியைக் கூட்டணும் தலைவரே!"

"கூட்டுங்க. நாளை மதியம் ரெண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

பீட்டி தொப்பியைத் தொட்டுவிட்டு ஏறக்குறைய ஓடினார். சாயங்காலத்துக்குள் ஊரில் ஒரு வீடு பாக்கி இருக்காது.

வாட்டின் காது இரண்டும் சூடாக இருந்தன. கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"அந்தக் கடுதாசியைக் கொண்டு வா" என்றார் அண்ணனிடம். "யாராவது வாசல்ல நிறுத்தினா எடுத்துக் காட்டு. இதை எழுதினவன் இதோ என் பக்கத்துல இருக்கான், அவன்கிட்ட கேட்டுக்கோன்னு சொல்லு."

டாண்டி தண்டவாளத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் தம்பியைப் பார்த்தார்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு கிளப் வாசல்ல வந்து நிக்கறேன், சின்னவனே."

"வாசல்ல நிக்காதே" என்றார் வாட். "உள்ளே வந்து உக்காரு. நாம ரெண்டு பேரும் நின்னது போதும்."